இரண்டாம் சார்லஸின் தாடையை விடுங்கள், குடும்பத்தைச் சொல்லுங்கள்: தமிழில் உலக வரலாறு பேசுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாற்றைக் காணொளியாகவும் கட்டுரையாகவும் தந்துகொண்டிருக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்தைப் பற்றி உங்களில் பலர் பேசியிருக்கிறீர்கள். கிடைத்ததையெல்லாம் விடாமல் பார்க்கிறேன், படிக்கிறேன். பெரும்பாலும் ஒரே அச்சுதான். அந்தக் குடும்பத்தின் கடைசி ஸ்பானிய அரசர் இரண்டாம் சார்லஸின் நீண்ட தாடையை இன்னும் நீட்டி ஒரு தம்ப்நெயில். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இப்படித்தான் பிறக்கும் என்று பயமுறுத்தும் தலைப்பு. அவர் தாமதமாக நடந்தது, தாமதமாகப் பேசியது, இறந்த பிறகு உடலை அறுத்தபோது இதயம் மிளகளவு இருந்ததாகச் சொல்லப்படும் குறிப்பு, பின்னணியில் ஒரு திகில் இசை. பத்து நிமிடத்தில் வம்சம் முடிந்துவிடும்.

நோயோடு பிறந்து 38 வயதுவரை வாழ்ந்த ஒரு மனிதரை இப்படிக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். இது என் முதல் வேண்டுகோள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. அந்தக் குடும்பத்தின் பிறப்புகளையும் திருமணங்களையும் இறப்புகளையும் வரிசையாகச் சொல்லுங்கள். சார்லஸ் ஏன் அப்படிப் பிறந்தார் என்பதும், அந்த வம்சம் ஏன் அற்றுப்போனது என்பதும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. தாடையில் இல்லை.

1570இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் நான்காவது முறையாக மணம் செய்தார். மணப்பெண் ஆஸ்திரியாவின் அன்னா, பிலிப்பின் சொந்தத் தங்கை மகள். முதலில் அவரைப் பிலிப்பின் மகன் டான் கார்லோஸுக்குத்தான் பேசியிருந்தார்கள். மகன் 1568இல் இறந்துவிட, அப்பாவே மாப்பிள்ளை ஆனார். பத்து ஆண்டுகளில் அன்னாவுக்கு ஐந்து பிள்ளைகள். 1580இல், 30 வயதில் அவரும் இறந்தார். பிள்ளைகளில் நால்வர் சிறுவயதிலேயே போக, மிஞ்சியவர் மூன்றாம் பிலிப் ஒருவர்தான்.

சரியாக இரண்டு தலைமுறை கழித்து அதே கதை திரும்ப நடந்தது. மூன்றாம் பிலிப்பின் மகன் நான்காம் பிலிப். அவருடைய தங்கை மகள் மரியானாவை, நான்காம் பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு நிச்சயம் செய்தார்கள். 1646இல் பல்தசார் 16 வயதில் இறந்துபோனான். 1649இல் 44 வயதுத் தாய்மாமனுக்கும் 14 வயது மரியானாவுக்கும் கல்யாணம் நடந்தது. இப்படிப்பட்ட மணங்களுக்குப் போப்பாண்டவரின் தனி அனுமதி வேண்டும். அது வாங்கப்பட்டது. ஏன் இவ்வளவு பாடு? நாடுகளும் சொத்தும் குடும்பத்தை விட்டு வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான். இந்தக் காரணம் நம்மில் யாருக்கும் புதிதாக இருக்காது.

மரியானா பெற்ற ஐந்து பிள்ளைகளில் மூவர் நான்காவது பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அவர்களில் பெலிப்பே ப்ரோஸ்பெரோ என்ற சிறுவனை 1659இல் அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிறிய முகம், வெள்ளை மேலாடை, கண்ணேறு படாமலிருக்கவும் நோய் அண்டாமலிருக்கவும் உடையின் குறுக்கே தொங்கவிட்ட தாயத்துகள், ஒரு சின்ன மணி. பட்டத்துக்குரிய அந்தப் பிள்ளையை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்பு படம் முழுக்கத் தெரிகிறது. 1661 நவம்பர் 1 அன்று அவன் இறந்தான். ஐந்தே நாள் கழித்து, நவம்பர் 6 அன்று பிறந்தவர்தான் நீங்கள் தாடையைப் பெரிதாக்கிப் போடும் சார்லஸ். அந்த ஒரு வாரத்தில் மரியானா என்ன பாடுபட்டிருப்பார்! இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துச் சொன்ன ஒரு தமிழ்க் காணொளியைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்புறம் அறிவியல். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். மரபியல் பாடம் வந்தால் பிள்ளைகள் இந்தக் காணொளிகளைப் பற்றிக் கேட்பார்கள். மாமன் மகனை மணந்த தாய்க்குப் பிறந்த ஒரு மாணவியை, அந்தத் தாடைப் படத்தைக் காட்டியே வகுப்பில் கேலி செய்தார்கள். அவளுக்கு நான் எண்களை வைத்துத்தான் விளக்கினேன். ஒருவரிடம் இருக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்திருப்பதற்கான வாய்ப்பை ஓர் எண்ணாகக் கணக்கிடுவார்கள், அதற்குக் கெழு என்று பெயர். முன்னோர் வேறு வழியில் உறவில்லாதவர்களாக இருந்தால், அத்தை மகன் – மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது 0.0625. தாய்மாமன் – அக்கா மகள் திருமணத்தில் 0.125. சார்லஸுக்கு 0.254. உடன்பிறந்தவர்கள் கூடிப் பெற்ற குழந்தைக்குரிய அளவு அது.

மாமனை மணந்த ஒரு திருமணத்தால் மட்டும் அந்த எண் வரவில்லை. சார்லஸின் அம்மாவைப் பெற்ற பாட்டியே அவருக்குச் சொந்த அத்தை. அப்பா வழித் தாத்தா மூன்றாம் பிலிப்தான் அம்மா வழியில் கொள்ளுத்தாத்தா. அந்தத் தாத்தாவும் தாய்மாமன் – தங்கை மகள் திருமணத்தில் பிறந்தவர். சுமார் 200 ஆண்டுகளில் அந்த ஸ்பானியக் கிளையில் நடந்த 11 அரச திருமணங்களில் 9 நெருங்கிய உறவுக்குள். 2009இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இந்த வம்சாவளியைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். வம்சத்தின் தொடக்கத்தில் 0.025 ஆக இருந்த கெழு சார்லஸில் பத்து மடங்கானது என்று காட்டினார்கள். 1527 முதல் 1661 வரை பிறந்த 34 அரச குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். பத்து வயதுக்குள் இறந்தவர்கள் 17 பேர், சரிபாதி. நல்ல உணவும் மருத்துவரும் அருகிலேயே இருந்த குடும்பம் அது. ஆனாலும் குழந்தைச் சாவு சாதாரணக் கிராமங்களைவிட அங்கே அதிகம்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கால்பங்குக்கும் மேல் உறவுக்குள் மணந்தவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. உங்கள் காணொளியைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தால் ஏறிக்கொண்டே போகும். அதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறும்படி சொல்லுங்கள். அருவருப்பாகக் காட்டினால் கேட்க வேண்டியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அவர்களுடைய பிள்ளைகள் கூனிக்குறுகுவார்கள்.

கெழு என்பது வாய்ப்புதான், விதி அல்ல. இதற்கும் அதே குடும்பத்தில் சான்று உண்டு. சார்லஸின் அக்கா மார்கரீட்டா தெரேசா, வெலாஸ்கெஸின் புகழ்பெற்ற 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் நடுவில் நிற்கும் சிறுமி. 1666இல் அவரைத் தாய்மாமனான புனித ரோமப் பேரரசர் லியோபோல்டுக்குக் கட்டிவைத்து வியன்னாவுக்கு அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் கணவரை மாமா என்றேதான் அவர் அழைத்தாராம். நான்கு பிள்ளைகள் பெற்று, அவர்களில் மூவரைப் பறிகொடுத்து, 1673இல் 21 வயதில் இறந்தார். பிழைத்த ஒரே மகள் மரியா அந்தோனியாவின் கெழு சார்லஸையும் தாண்டியது, 0.305. ஆனால் சார்லஸுக்கு இருந்த உடல்நிலை அவருக்கு இல்லை. அவருடைய உயிர் போனது பிரசவத்துக்குப் பின். 1692 அக்டோபரில் மகனைப் பெற்றார், டிசம்பரில் இறந்தார், 23 வயது. அந்த மகன் ஜோசப் பெர்டினாண்டைத்தான் பிள்ளையில்லாத சார்லஸ் 1698இல் தன் வாரிசாக அறிவித்தார். 1699 பிப்ரவரியில் ஆறு வயதில் அந்தச் சிறுவனும் போய்விட்டான். அவன் பிழைத்திருந்தால் 1701இல் தொடங்கி 1714வரை ஐரோப்பாவை உலுக்கிய ஸ்பானிய வாரிசுரிமைப் போர் நடக்காமலேகூடப் போயிருக்கலாம். இந்தப் பிள்ளையை உங்கள் காணொளிகளில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

சார்லஸின் மனைவியர் இருவரையும்கூட உங்கள் காணொளிகளில் தேடத்தான் வேண்டியிருக்கிறது. மூத்தவர் பிரான்சிலிருந்து வந்த மரி லூயிஸ். பிள்ளை இல்லாத பழியைச் சுமந்து 1689இல் 26 வயதில் இறந்தார். அடுத்து நியூபர்க் மரியா அன்னா. அவரைப் பெற்றவருக்கு 17 பிள்ளைகள் பிறந்தன என்பதையே பெரிய தகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அரசரைப் பெற்ற மரியானாவுக்கு, ஸ்பானிய அரச குடும்பத்தை அடக்கம் செய்யும் எல் எஸ்கோரியல் மாளிகையில், அரசர்கள் துயிலும் அறையிலேயே இடம் கிடைத்தது. பெறாத இந்த இருவரையும் இளவரசர், இளவரசியருக்கான பகுதியில் வைத்தார்கள். அங்கேதான் சிறுவயதில் இறந்த அரச பிள்ளைகளுக்கான வெள்ளைப் பளிங்குக் கல்லறையும் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளின் தம்ப்நெயிலை மாற்றுங்கள். அது ஐந்து நிமிட வேலை. இதயம் மிளகளவு இருந்தது என்பதை உறுதியான மருத்துவ உண்மை போலச் சொல்லாதீர்கள். சார்லஸுக்கு இன்ன நோய்தான் என்றும் அடித்துச் சொல்லாதீர்கள், 2009 ஆய்வாளர்களே அதை ஊகமாகத்தான் முன்வைத்தார்கள். அடுத்த முறை வம்சாவளி வரையும்போது அரசர்களை மட்டும் கோடு போட்டு இணைக்காமல் தங்கைகளையும் அவர்களுடைய மகள்களையும் சேர்த்து வரையுங்கள். எந்தக் கோடு எங்கே திரும்பி வருகிறது என்று பார்ப்பவர்களுக்குத் தானே விளங்கும். சிறுவயதில் இறந்த பிள்ளைகளின் பெயர்களையும் ஆண்டுகளையும் விடாமல் எழுதுங்கள். இரண்டாம் பிலிப் முதல் ஜோசப் பெர்டினாண்ட் வரை அப்படி ஒரு வரைபடம் வகுப்புக்காகத் தமிழில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன், என் பெயர் போடாமலே பயன்படுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியை