விவிலியப் பகிர்வுக் குழு: செயலரின் ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களுக்கும் குழுவின் சகோதர சகோதரிகளுக்கும் ஆண்டவரில் அன்பு வணக்கம்.

திருவழிபாட்டு வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இது மூன்றாம் ஆண்டு, லூக்கா நற்செய்திக்கு உரியது. அதனால் வாரந்தோறும் கூடி லூக்காவின் 24 அதிகாரங்களையும் வாசிக்க முடிவு செய்தோம். வாசித்து முடித்தும் விட்டோம்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. வழிநடத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. விளக்கவுரைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வந்து பாதி நேரத்துக்கு மேல் நானே பேசினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பகிர்வு என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பங்குத்தந்தைதான் 'லெக்சியோ திவினா' முறையைச் சொல்லித் தந்தார். வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் என்று இதன் நான்கு படிகளை 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி எழுதிவைத்தார். இப்போது ஒருவர் பகுதியை உரக்க வாசிக்கிறார். சற்று அமைதி. அப்புறம் வேறொருவர் அதையே மறுபடி வாசிக்கிறார். மனதைத் தொட்ட சொல்லை அவரவர் சொல்கிறோம். எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசுவதில்லை; ஒருவரது பகிர்வை இன்னொருவர் திருத்துவதில்லை. திருச்சபையின் போதனை குறித்துச் சந்தேகம் எழுந்து எனக்கு விடை தெரியாவிட்டால், குறித்துக்கொண்டு தந்தையிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்.

அமைதிக்குப் பழகத்தான் நாளானது. அந்த இடைவெளியைப் பேசி நிரப்ப என் நாக்கு துடிக்கும். மார்த்தா, மரியா பகுதி (லூக்கா 10:38-42) வந்த அன்று, "வேலை செய்தவளுக்கா குறை?" என்று ஒரு அம்மா வருத்தத்தோடு கேட்டார். பதில் சொல்லாமல் அடக்கிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, அதுவரை பகிர்வில் பேசியே இராத ஒருவர், "மார்த்தா தங்கச்சிகிட்ட சண்டை போடல, நேரா ஆண்டவர்கிட்டதான் முறையிடுறாங்க" என்றார். உடனே இன்னொருவர் யோவான் 11ஐப் புரட்டி, 'நீரே மெசியா' என்று இயேசுவிடம் அறிக்கையிட்டவரும் இதே மார்த்தாதான் என்று காட்டினார். நான் தயாரித்து வந்த குறிப்பில் இவை இரண்டுமே இல்லை.

பிற சபையிலிருந்து வந்த ஓர் உறுப்பினர் தம் விவிலியத்தில் தோபித்து நூலைத் தேடிக் காணாமல் திகைத்தார். அந்தப் பதிப்பில் 66 நூல்கள், நம்முடையதில் 73. நம்முடையதில் கூடுதலாக உள்ள அந்த ஏழு 'இணைத் திருமுறை' நூல்களைப் பற்றி ஒரு வாரம் முழுவதும் பேசினோம். அவருடைய நூலையும் மதித்தே பேசினோம் என்பது எனக்கு நிறைவு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ஏற்படுத்திய இறைவார்த்தை ஞாயிறன்று, திருப்பலியில் வாசகங்களை நம் குழுவினர் வாசித்தார்கள். செப்டம்பர் 30, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோமின் விழாவன்று கூடி மன்றாடினோம். பணம் எதுவும் வசூலிக்காததால் கணக்கு ஒப்படைக்க ஏதுமில்லை.

நின்றுபோனவர்களை வீட்டில் போய்ப் பார்த்தோம். சிலர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களையும் மறுபடி போய் அழைக்க வேண்டும். இதை அடுத்த செயலருக்கு முதல் வேலையாகக் கேட்டுக்கொள்கிறேன்.

திருவருகைக் காலத்தில் மத்தேயுவைத் தொடங்குகிறோம். முதல் அதிகாரம் நிறைய மூதாதையர் பெயர்கள். வாசிக்கச் சிரமம் என்று பலர் தயங்கினார்கள். மார்த்தாவுக்காக அன்று முதன்முறையாக வாய் திறந்த அந்தச் சகோதரர், தாமே வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இறைப்பணியில்,
செயலர்