நீர் விளையாட்டுத் திடல்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

ஊற்றாகப் பீய்ச்சும் தண்ணீரில் பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்காகப் பொதுக்குழு ஒப்புதல் அளித்த நீர் விளையாட்டுத் திடல் பணி நிறைவுற்றுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கை அலுவலகத்தில் பார்வையிடலாம்.

கட்டுமானத்தைவிட அதிகம் இழுத்தடித்தது வேலிப் பேச்சுதான். வேலி போட்டு, உறுப்பினர் அட்டை காட்டுபவரை மட்டும் விட வேண்டும் என்று ஒரு தரப்பினர் கடைசிவரை வாதாடினார்கள். குழு இசையவில்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே குளத்தில் இறங்குவதைவிட மூடிவிடுவதே மேல் என்று அமெரிக்காவின் ஜாக்சன் நகர நிர்வாகம் பொதுக் குளங்களை மூடியது. அது செல்லும் என்று 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே நாட்டில், சிகாகோவில் 2004இல் திறந்த கிரவுன் நீரூற்றுக்கு வேலியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கணுக்காலைக்கூட எட்டாத தண்ணீரில் யார் வீட்டுப் பிள்ளையும் ஓடலாம். நாம் இரண்டாவது வழியை எடுத்தோம்.

நம் திடலில் தண்ணீர் தேங்காததால் நீந்தத் தெரிய வேண்டியதில்லை, நீச்சலுடையும் வேண்டியதில்லை. முழுக்கப் போர்த்திய உடையில் வரும் தாய்மாரும் தயங்காமல் உள்ளே வருகிறார்கள். படியில்லாத தளமாதலால் சக்கர நாற்காலியும் ஊற்றின் நடுவரை போகிறது. பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் பீய்ச்சிவிட்டுத் தானாக நின்றுவிடும். நின்றதும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பிறகு எவனோ ஒருவன் ஓடிப்போய் அழுத்துகிறான், பேர் தெரியாத மற்றவர்கள் கூச்சலிடுகிறார்கள். தண்ணீர்ச் சிக்கனத்துக்கென்று வைத்த பொத்தான் இது. பெஞ்சுகளை உள்நோக்கிப் போட்டதால், முன்பின் அறியாத பெற்றோர்கள் துண்டையும் பேச்சையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

வடியும் நீர் நிலத்தடித் தொட்டிக்குப் போய், சுத்திகரித்துத் திரும்பி வருகிறது. குளோரின் மட்டும் போதாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். ஆகவே அதைச் செயலிழக்கச் செய்யும் புறஊதா விளக்கும் பொருத்தியிருக்கிறோம். விளக்குச் செலவு வீண் என்றவர்கள் இதைக் கவனிக்கவும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை, நின்ற பிறகும் சில நாட்கள், அழைத்துவர வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் விளங்கும்படி இதைப் படமாகவே பலகையில் வரைந்திருக்கிறோம்.

மேற்குப் பக்கப் பெஞ்சுகளுக்கு நிழல் இல்லை. பிற்பகலில் உட்கார முடியவில்லை. பந்தலா, மரமா என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யட்டும். அதுவரை துணிக்கூரை கட்டப்படும்.

இப்படிக்கு,
பணிக் குழு