அம்மிச்சி ஊர் எது?

அன்புள்ள கண்ணுக்கு,

நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

போன மாசம் போனில் குட்டிப்பையன் கேட்டானே, "அம்மிச்சி, உங்க ஊரு எது?" என்று. பள்ளிக்கூடத்தில் இந்தியப் படம் கொடுத்து, பாட்டி ஊர் இருக்குமிடத்தில் ஒரு புள்ளி வைத்து வரச் சொன்னார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து நீயே "கோபி" என்று சொல்லிவிட்டாய். உன்மேல் தப்பில்லை சாமி. நான்தான் உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. கோபி உன் அப்பாவின் ஊர். நான் பிறந்து வளர்ந்தது சிங்காரா கேம்ப், நீலகிரி மலையடியில் பவர் ஹவுஸ் ஆட்கள் குடியிருந்த இடம். அது ஊர்க் கணக்கிலேயே வராத இடம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விடிந்ததும் என் தம்பிக்கு, அதான் உன் மாமாவுக்கு, போன் போட்டேன். அவன் அலைந்து திரிந்து அனுமதி வாங்கிவிட்டான். இப்போது பவர் ஹவுஸ் பக்கம் யாரும் நினைத்தபடி போய்விட முடியாது, எல்லாம் புலிகள் காப்பகத்துக்கு நடுவே இருக்கிறது. ஐப்பசிக் கடைசியில் நாங்கள் ரெண்டு பேரும் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். அதைத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் சிக்னல் போய்விடும்.

முதலில் பைக்காரா. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் ரோட்டில். எல்லாரும் போட்டில் ஏறிப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தத் தண்ணீர் வேலைக்குப் போகக் காத்திருக்கிற தண்ணீர் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மேலே முக்குருத்தியில் 1938இல் கட்டிய அணை ஒன்று இருக்கிறது. அங்கே தேங்கும் மழைதான் பைக்காராவுக்கு வருகிறது. தோடர்களுக்கு இது புனித ஆறு. அந்தக் காலத்தில் அவர்கள் இதைக் கடப்பதற்கே நாளும் முறையும் வைத்திருந்தார்கள். என் அம்மாவும் பஸ் பாலத்தைத் தாண்டும்போது ஒரு தரம் கும்பிடுவாள்.

அங்கிருந்து கிளன்மார்கன் போனோம். தேயிலைக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போதே மலை சட்டென்று முடிந்துவிடும். விளிம்பில் நின்றால் கீழே சீகூர்க் காடு, அதற்கப்பால் மாயாற்றுப் பள்ளம், அதற்கும் அப்பால் மைசூர்ச் சமவெளி. அந்த விளிம்பில்தான் ஃபோர்பே இருக்கிறது, குழாயில் விடுவதற்கு முன் பைக்காராத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற இடம். அங்கே தண்ணீர் இரும்புக் குழாய்க்குள் புகுந்து, கிட்டத்தட்ட 3,000 அடி கீழே சிங்காராவில் போய் விழுகிறது. 3,000 அடித் தண்ணீரின் கனம் என்றால், குழாயின் அடியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 1,200 பவுண்டுக்கு மேல் அழுத்தம். உன் அப்புச்சிக்கு, அதான் என் அப்பாவுக்கு, இது மனப்பாடம். அவர் வேலையே அந்தப் பைப் லைன் ஓரமாகப் படி இறங்கிப் போய், எங்கே கசிகிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று பார்ப்பதுதான். ஊசிமுனை ஓட்டையில் பீச்சும் தண்ணீர் கூட ஆளை அறுத்துவிடும், கையை நீட்டக் கூடாது என்று எங்களிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

பைப் லைனை ஒட்டியே விஞ்ச் போகும். செங்குத்தான தண்டவாளத்தில் கம்பிவடம் கட்டி இழுக்கும் பெட்டி அது. நாங்கள் போன அன்று ஓடவில்லை. சின்ன வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து அதில் ஏறியிருக்கிறேன். நடுவழியில் மேகத்துக்குள் போய்விடும், மேலும் தெரியாது, கீழும் தெரியாது, வடம் முனகுகிற சத்தம் மட்டும் கேட்கும். அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் மூடியதில்லை. மேலே ஏறி இறங்கியதும் குளிர் மூஞ்சியில் அறையும். ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அப்படித்தான் போவோம். தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா போனதும் அப்படித்தான். மாமா அந்தத் தண்டவாளத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கல்லட்டி வழியாக இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவில் மசினகுடி வந்துவிடும். ஆனால் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றித்தான் போனோம்.

சிங்காராவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை மாகாண அரசு கட்டிய முதல் பெரிய நீர்மின் நிலையம் அது. 1929இல் வேலை தொடங்கி 1932இல் கரண்டு கொடுத்துவிட்டார்கள். சர் சி.பி. ராமசாமி ஐயர் மாகாண நிர்வாக சபையில் இருந்தபோது இதற்காக முனைந்து நின்றவர். ரோடு கிடையாது, யானைக் காடு, மலைக்காய்ச்சல். அந்த இரும்பையெல்லாம் மனுசன் கையும் வடமும்தான் மலையில் ஏற்றி இறக்கின. அந்தக் கரண்டு கோயமுத்தூர் போனதால்தான் மில்லாக முளைத்தது, தோட்டங்களில் மாடு கட்டி இறைக்கும் கவலை போய் மோட்டார் வந்தது. முதலில் மூன்று இயந்திரம், பிறகு ஆறாகி 59.2 மெகாவாட். 2005இல் மலையைக் குடைந்து உள்ளேயே 150 மெகாவாட்டுக்குப் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று அப்புச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்தது சமையல்கட்டில். ரெண்டு குழிக்கரண்டியை ஒட்டி வைத்துக் குழாயடியில் பிடித்தார். தண்ணீர் நடுவிலே விழுந்து, ரெண்டாகப் பிரிந்து, வந்த பக்கமே திரும்பித் தெறித்தது. கரண்டி கையை விட்டுப் பின்னால் ஓடப் பார்த்தது. "அவ்வளவுதான் சாமி, இந்த மாதிரிக் கரண்டி ஒரு சக்கரம் பூராவும் கோத்திருக்கும்" என்றார். பெல்டன் சக்கரம் என்று பெயர். பிறகு நீ இன்ஜினீயரிங் படிக்கும்போது புத்தகத்தில் அந்தப் படத்தைக் காட்டினாயே, எனக்கு அப்புச்சி கைதான் தெரிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லாமல் விட்டேன்.

நாங்கள் இருந்த லைன் வீடு கூரையில்லாமல் நிற்கிறது. உண்ணிச்செடி அடைத்துக் கிடந்ததால் உள்ளே போக முடியவில்லை. யானை வரும் என்று வழிகாட்டக் கூட வந்த பையன் எங்களை நிற்கவும் விடவில்லை. வாசல்படி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் படியில் உட்கார்ந்து ராத்திரியில் பார்த்தால் கேம்ப் பூராவும் பல்பு எரியும், எதிரே இருளர் குடியிருப்பில் அடுப்புத் தீ மட்டும் தெரியும். கரண்டுக் கம்பி அவர்கள் தலைக்கு மேலேதான் போனது. அப்புச்சி அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். "நம்ம வீட்டுக்கு முன்னாலயே அவிங்க வீட்டுக்குப் போயிருக்கோணும்" என்பார். எனக்கும் இன்றைக்கு வரை அதே எண்ணம்தான்.

மறுநாள் மாயார். எனக்குப் பத்து வயதில் அப்புச்சிக்கு அங்கே மாற்றலாகியது. சிங்காராவில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் தண்ணீர் மசினகுடிப் பக்கம் மரவகண்டி அணையில் தேங்குகிறது. அங்கிருந்து கால்வாயில் போய், மறுபடி குழாயில் இறங்கி, மாயாற்றுப் பள்ளத்தின் அடியில் இன்னொரு பவர் ஹவுஸை ஓட்டுகிறது. 1952இல் வந்தது, 36 மெகாவாட்.

அந்தப் பள்ளத்தை நான் எப்படிச் சொல்வேன். காடு தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், முன்னால் ஒன்றும் இருப்பதாகவே தெரியாது. இன்னும் பத்தடி வைத்தால் பூமி பிளந்து கிடக்கும். வெள்ளைக்காரர்கள் மைசூர்ப் பள்ளம் என்று பெயர் வைத்திருந்தார்கள். 20 கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படியே போகிறது. அடியில் ஆறு பச்சை நூல் மாதிரி. அருவி விழுகிற இடத்திலிருந்து புகை எழும்பும். நாங்கள் போன காலை வெயில் எதிர்ப்பாறையில் மட்டும் பட்டிருந்தது, எங்கள் பக்கம் இன்னும் நிழல். எங்கள் காலுக்குக் கீழே ஒரு பாறு, பிணந்தின்னிக் கழுகு, இறக்கையை விரித்து வட்டம் போட்டது. கழுகின் முதுகை மேலிருந்து பார்ப்பது வேறெங்கே கிடைக்கும்! நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பத்து, இருபது என்று சுற்றும். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து செத்த மாட்டின் வழியாக அவற்றின் வயிற்றுக்குப் போய், நாடு முழுக்கக் கூட்டம் கூட்டமாகச் செத்துவிட்டன. இந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றோர நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டுகின்றன. அதில் ஒன்றைப் பார்த்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

இப்போது என் கல்யாணக் கதை. உன் அப்பாவைப் பார்த்து முடிவானதும் அம்மாவுக்குப் பயம், மலையில் வளர்ந்த பிள்ளை கீழே போய் என்ன செய்யும் என்று. கல்யாணமான மறுவாரம் அப்புச்சி இங்கே கோபிக்கு வந்தார். காலையில் தடப்பள்ளி வாய்க்காலுக்குக் குளிக்கப் போனோம். அவர் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி மோந்து பார்த்தார். "ஏனுங்கப்பா?" என்றேன். "நம்ம தண்ணி சாமி" என்றார். நான் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் கரையில் உட்கார்ந்து விரலை மடக்கிச் சொன்னார்: முக்குருத்தி, பைக்காரா, கிளன்மார்கன், சிங்காரா, மரவகண்டி, மாயார். அங்கிருந்து தெங்குமரஹாடா வழியாகப் பவானிசாகர். அங்கே மாயாறும் பவானியும் சேர்ந்து, கொடிவேரி அணைக்கு வந்து, தடப்பள்ளி வாய்க்காலில் திரும்பி, உன் மாமனார் வயலுக்கு. "நான் சிங்காரால வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து உன் புருசன் ஊட்டு நெல்லுக்குத்தான் தண்ணி உட்டுட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியல" என்றார். அன்னூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அவர். குடிக்கிற தண்ணீருக்கே ரெண்டு மைல் நடந்தவர். வாய்க்கால் நிறையப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவர் அன்றைக்கு உட்கார்ந்திருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்கும் அதன்பிறகு இந்த ஊர் அன்னியமாகத் தோன்றியதில்லை.

அவர் அஸ்தியை, இந்தப் பவானி காவிரியில் சேரும் கூடுதுறையில் கரைத்தோம் அல்லவா. நீ அப்போது ஆறாவது படித்தாய். "ஏன் இங்கே?" என்று கேட்டாய். எல்லாரும் இங்கேதான் கரைப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். அது பாதிப் பதில்தான். மீதியை இப்போது எழுதிவிட்டேன்.

குட்டிப்பையன் அந்தப் படத்தை இன்னும் டீச்சரிடம் கொடுக்கவில்லை என்றால், புள்ளியை அழித்துவிட்டு ஒரு கோடு போடச் சொல்லு. முக்குருத்தியில் தொடங்கி, மலையைச் சுற்றி, கோபியில் கொண்டுவந்து விடட்டும். நீலக் கலரில் போடட்டும். கொடுத்துவிட்டான் என்றால் வீட்டில் இன்னொன்று போட்டு எனக்குப் படமெடுத்து அனுப்பு.

மாயார் பள்ளத்தில் ஒரு கல் எடுத்து அவனுக்கு அனுப்பலாம் என்று குனிந்தேன். காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதக்கா என்று மாமா சொல்லிவிட்டான். அதனால் பார்சலில் கொள்ளுப் பருப்புப் பொடியும், கருப்பட்டியும், நான் விளிம்பில் நிற்கிற போட்டோ ஒன்றும் மட்டும் வைத்திருக்கிறேன். போட்டோவில் எனக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறதே ஒரு கறுப்புப் புள்ளி, அதுதான் அந்தப் பாறு. அவனுக்குக் காட்டு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. குளிர்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

அன்புடன்
அம்மா