நர்சம்மாவுக்கு நோட்டு ஒன்று, செல்போன் ஒன்று

ஆசிரியருக்கு,

அந்தியூர் பக்கம் எங்கள் ஊர். துணை சுகாதார நிலையத்து நர்சம்மா புதன்கிழமை தடுப்பூசி போட்டு முடித்தாலும் வீட்டுக்குக் கிளம்ப முடிவதில்லை. நோட்டில் எழுதியதையே மறுபடி செல்போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையென்றால் ரோட்டோரப் புளியமரத்தடிக்கு வந்துவிடுவார். "ஊசி போடறதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, இந்தப் பதிவுதானுங்க உசுர வாங்குது" என்றார் ஒருநாள்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் எங்கள் பக்கத்துப் பர்கூர் மலையில் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடந்து பார்த்திருக்கலாம். பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த வேலையும் எங்கள் நர்சம்மா தலையில்தான்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொண்டுவரும் தன்னார்வலர் பெண்ணுக்கு மாத ஊக்கத்தொகைதான், சம்பளம் இல்லை. தறிக்குப் போயிருக்கலாம் என்கிறார்.

இவர்களுக்குப் பணித் திருப்தி குறித்துப் பயிற்சி வகுப்பு நடத்துவது இருக்கட்டும். காலியிடத்தை நிரப்பி, ஒரே தகவலை இரண்டு தடவை எழுதச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள்.

– ஒரு வாசகர், அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்