கிரீனுக்கு வெளியே நிற்கும் பந்து: பட்டரா, சிப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்துக்குப் புதிதாக வருவோர் கவனத்துக்கு: கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) விளிம்புக்கு வெளியே நாலைந்து அடி தூரத்தில் பந்து நின்றாலே பலரும் சாண்ட் வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் மட்டை) உருவிவிடுகிறார்கள். அது அவசியமே இல்லை.

இடையிலுள்ள புல் குட்டையாக, காய்ந்து, குழிப் பக்கம் சாய்ந்திருந்தால் பட்டரே (பந்தைத் தரையில் உருட்டும் மட்டை) போதும். அதில் அடி பிசகினாலும் நட்டம் குறைவு. விளிம்புப் புல் வேகத்தைத் தின்றுவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுங்கள்.

பனி ஈரம் காயாத காலையிலும், பந்து பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாலும், வழியில் தண்ணீர் தெளிப்பான் மூடி இருந்தாலும் சிப்தான் (பந்தைத் தாழ்வாகச் சிறிது பறக்கவிட்டு உருளவிடும் அடி) சரி. கிரீனுக்குள் மூன்றடியில் பந்தை விழவைத்து மீதியை உருளவிட வேண்டும். சமதரையில் பறப்பது ஒரு பங்கு, உருள்வது மூன்று பங்கு என்றால் 9 அயர்ன் (9-ஆம் எண் இரும்பு மட்டை). நான்கு பங்கு என்றால் 8. அதாவது 12-லிருந்து உருளும் பங்கைக் கழித்தால் கிளப் (மட்டை) எண் கிடைத்துவிடும். உடல் எடை முன்காலில் (குழிப் பக்கக் கால்), பந்து பின்காலுக்கு நேராக, கைகள் பந்துக்குச் சற்று முன்னால். மணிக்கட்டைச் சுண்டிப் பந்தைத் தூக்கப் பார்த்தால் கிளப் முதலில் மண்ணைக் கொத்தும். இல்லையேல் பந்தின் நடுவில் இடித்து, அது கிரீனைத் தாண்டி ஓடும்.

எதை எடுத்தாலும், விளிம்புப் புல்லில் கிடக்கும் மணலைத் துடைத்து வழி செய்யாதீர்கள். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் தண்டனையாக 2 அடிகள் கணக்கில் கூடும். கிரீனுக்குள் மட்டுமே துடைக்கலாம்.

- ஒரு வாசகர், போத்தனூர்