கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி துப்பாக்கியும் கையுமாகக் காட்டில் அலைகிறான் என்று அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாளாமே, முதலில் அதை அவிழ்க்கச் சொல். போட்டோவில் இருக்கும் துப்பாக்கி பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையது. இங்கே துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வேட்டைக்குத் தனியாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். நான் போனது சுமை தூக்க. தாத்தா வேட்டையாடுவது மூஸ் என்கிற பெரிய மான், ஒரு கடா 400, 500 கிலோ வரும், எழுபது வயசுக்காரர் தனியாக என்ன செய்வார்?

தாத்தா ஒரு மாதிரியான ஆள். பேச்சு கிடையாது, ஆனால் வண்டியில் ஏறுமுன் என் ஜீன்ஸை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, போய் மாற்றிக்கொண்டு வா என்று தன் பழைய கம்பளிக் கால்சட்டையைக் கொடுத்தார். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் காக்கும். இந்தக் குளிரில் அதுதான் உயிர்.

மரலாரி போகும் காட்டுப் பாதையில், கிலோமீட்டர் பலகையைப் பார்த்துப் பார்த்து எந்த இடத்தில் எந்தப் பக்கம் போகிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறார். லோடு லாரி சட்டென்று நிற்காது, நாம்தான் ஒதுங்க வேண்டும்.

அப்புறம் பூர்ச்ச மரப்பட்டையைச் சுருட்டி வாயில் வைத்துப் பெண் மூஸ் மாதிரி ஒரு முனகல். இணை தேடும் பருவம், கடா தேடி வரும். சத்தம் கேட்டுக் கரடியும் வரலாமாம், அதனால் தடித்த மரத்துக்கு முதுகு கொடுத்துத்தான் உட்கார வேண்டும். கரடி ஸ்பிரே பைக்குள் இருக்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். பூட்டைக் கட்டைவிரலால் தள்ளி எடுக்க என்னைத் திரும்பத் திரும்பப் பழக்கினார். அதில் இருப்பது மிளகாய்க் காரம்தான், அம்மாவிடம் சொல், அதையாவது நம்புவாள்.

சுட்ட பிறகுதான் நிஜமான பயம். குடலை எடுத்துப் போட்ட இடத்துக்கு வாசனை பிடித்துக் கரடி வந்துவிடும். கறியைத் துணிப்பையில் கட்டி அங்கிருந்து தள்ளிக் கொண்டுபோய் மரத்தில் உயரத் தொங்கவிட்டோம். மீதியை எடுக்கத் திரும்பும்போது, சத்தமாகப் பேசிக்கொண்டே போ, கரடியைத் திடுக்கிட வைக்காதே என்றார். என்ன பேசுவது? நம் வாசலில் ஆரம்பித்துத் தெருவில் வரிசையாக யார் யார் வீடு என்று தமிழில் கத்திக்கொண்டே நடந்தேன். பூசாரி வீடு, டெய்லர் கடை, அடிபம்பு, செல்லம்மா சித்தி வீடு... அதற்கு மேல் வரவில்லை. சத்தம் நின்றதும் கரடியோ என்று தாத்தா பதறித் திரும்பினார். ஜலதோஷம் என்றேன்.

அவர் தனியாகப் போகும்போது எந்தப் பாதை, எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனை மணிக்குள் திரும்புவார் என்று ஒரு சீட்டு எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். நேரம் தாண்டினால் நான் போலீசுக்குச் சொல்ல வேண்டும். செல்போன் எடுக்காத காட்டுக்கென்று சாட்டிலைட் கருவியும் வைத்திருக்கிறார், ஆனாலும் சீட்டுதான் முதலில்.

எனக்கும் பங்கு கொடுத்தார், பிரீசர் நிறைந்துவிட்டது. கொழுப்பே இல்லாத கறி, குக்கரில் ரெண்டு விசில் கூட விட்டு மிளகு தூக்கலாகப் போட்டால் அருமை. கறி வாங்கும் செலவு மிச்சம். மில்லில் ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள், நல்ல ஓய்வு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிணற்று மோட்டாருக்கு இந்த மாதம் பாதிதான் அனுப்புகிறேன், பேங்கில் ஏதோ தாமதம் என்று அத்தானிடம் சொல். உன் வளையலுக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வை, ஏலத்துக்கு விட்டுவிடாதே. கிழக்கு வரப்பு விஷயமாகச் சின்ன மாமா எந்தத் தாளை நீட்டினாலும் சர்வேயர் வந்து அளக்கும்வரை அம்மா கைநாட்டு வைக்கக் கூடாது, தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அளக்கும் தேதி தெரிந்ததும் விடியற்காலை ஆறு மணிக்குப் போன் போடு, எனக்கு அப்போது சாயங்காலம், வீட்டில்தான் இருப்பேன்.

உன் தம்பி,
முருகன்