ஆயா போனுக்கு டேட்டா எதுக்கு?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள குமரனுக்கு,

அமெரிக்காவில் வருமானம் குறைந்த வீடுகளுக்கு போன் பில்லில் அரசாங்கமே கழித்துக் கொடுக்கிறதே, நம்ம ஊரில் அப்படி இல்லையா என்று கேட்டாய். இரண்டு நிமிஷத்தில் வாயால் சொல்லித் தீராது. எழுதி வைத்தால் மாதா மாதம் பணம் கட்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

நீ சொன்ன லைஃப்லைன் திட்டம் 1985-லிருந்து இருக்கிறது. மாதம் 9.25 டாலர் வரை கழிவு, வீட்டுக்கு ஒன்றுதான். அந்த நாட்டு வறுமைக்கோட்டில் 135 சதவீதத்துக்குள் வருமானம் இருக்க வேண்டும், அல்லது உணவு உதவி, மெடிக்எய்ட் என்கிற ஏழைகளுக்கான மருத்துவ உதவி மாதிரி ஏதாவது ஒன்றில் பெயர் இருக்க வேண்டும். வருஷா வருஷம் தகுதியை உறுதி செய்ய வேண்டும். இலவச இணைப்பாக இருந்தால் 30 நாளில் ஒரு தடவையாவது பயன்படுத்தியாக வேண்டும். இல்லையென்றால் 15 நாள் கெடு கொடுத்து வெட்டிவிடுவார்கள். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று உன் பில்லிலேயே பார், 'யூனிவர்சல் சர்வீஸ்' என்று ஒரு வரி இருக்கும்.

இங்கேயும் அதே பெயரில் 2002-ல் ஒரு நிதி ஆரம்பித்தார்கள். இப்போது பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. ஆனால் அது டவருக்கும் கிராமத்து ஃபைபருக்கும்தான் செலவாகிறது. ஆயா ரீசார்ஜில் ஒரு ரூபாய் குறையாது. குறையாதது மட்டுமா, கட்டுகிற தொகைக்குள் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ரேஷன் கார்டு எந்த வகையாக இருந்தாலும் வரி ஒன்றுதான்.

ஆக, நமக்குக் கிடைக்கிற ஒரே தள்ளுபடி, சரியான பேக்கைப் போடுவது. அதைத்தான் நீ தவறவிடுகிறாய்.

ஆயாவிடம் இருப்பது பட்டன் போன். நீ அங்கிருந்து போடுவது 28 நாள் டேட்டா பேக். 28 நாள் என்றால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 2025-ல் இருந்த ஏர்டெல்லின் 199 ரூபாய் பேக்கையே எடுத்துக்கொள்: 13 தடவைக்கு 2587 ரூபாய். அதில் வருகிற டேட்டாவை ஆயா தொட்டதே இல்லை.

2024 டிசம்பரில் டிராய், அதாவது போன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஆணையம், விதியில் ஒரு திருத்தம் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது வைத்தாக வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி கொடுக்கலாம் என்று. அதன்படி 2025 தொடக்கத்தில் வந்த விலை: ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. கட்டுவதற்கு முன் இன்றைய விலையைப் பார்த்துக்கொள், இவர்கள் சொல்லாமல் மாற்றுகிறவர்கள். 1849 என்று வைத்தாலும் 738 ரூபாய் மிச்சம். ஜியோவில் 336 நாள் என்பதைக் கவனி. அது பன்னிரண்டு 28 நாள், முழு வருஷம் இல்லை. தொகை குறைவென்று எடுத்தால் நாள் கணக்கில் ஏர்டெல்லை விடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

ஆப்பில் இந்தப் பேக் முதல் பக்கத்தில் கண்ணில் படாது. மேலே இருப்பதெல்லாம் தினம் 2 ஜி.பி. வகைதான். தேடாமல் தொகையை நேராகத் தட்டு, பேக் தானாக வரும். 'டேட்டா இல்லை' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கட்டு. கம்பெனியின் சொந்த ஆப்பிலேயே கட்டு. மற்ற ஆப்பில் மேலே ஒன்றிரண்டு ரூபாய் கட்டணம் சேர்ப்பார்கள். நம்பரை இரண்டு தடவை சரிபார். வேறு நம்பருக்குப் போன ரீசார்ஜைத் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது.

விலை குறைவென்று ஆயாவை ஜியோவுக்கு மாற்றிவிடாதே. ஜியோவில் பழைய 2ஜி சேவை கிடையாது. ஆயாவின் பழைய பட்டன் போனில் அந்த சிம் போட்டால் சிக்னலே வராது, 4ஜி பட்டன் போன் தனியாக வாங்க வேண்டும். அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய பேக்கில் மீதி இருக்கிற நாளும் போச்சு. வருஷப் பேக் போட்டு இரண்டு மாதத்தில் மாறுவதைப் போல நஷ்டம் இல்லை.

இன்னொன்று. ஆயா போனில் நடு பட்டனை அழுத்தினால் இன்டர்நெட் திறந்துகொள்ளும். டேட்டா இல்லாத பேக்கில் மெயின் பேலன்ஸ் கரையும். செட்டிங்கில் டேட்டா இணைப்பை அணைத்துவிடச் சொல்கிறேன். உனக்கு அமெரிக்க நம்பருக்குப் போட்டாலும் அந்த பேலன்ஸில்தான் பிடிப்பார்கள். அவளை மிஸ்டு கால் கொடுக்கச் சொல், நீ கூப்பிடு.

ஆனால் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் எப்போதும் கிடக்கட்டும். அத்தைக்கும் இதையே செய். பேக் முடிந்து 90 நாள் போன் உபயோகமே இல்லாமல் கிடந்தால் நம்பரை எடுத்துவிடலாம் என்பது விதி. 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு 30 நாள் விட்டுவைப்பார்கள். ஆயாவின் மகளிர் உரிமைத் தொகை வந்த மெசேஜ், பேங்க் ஓ.டி.பி., கேஸ் புக்கிங், எல்லாம் அந்த ஒரே நம்பரில் இருக்கிறது. நம்பர் வேறு ஆளுக்குப் போய்விட்டால் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். பேங்கில் மாற்ற ஆயாவையே நேரில் கூட்டிப்போக வேண்டும். அந்த முட்டியை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏற்றவா?

உன் பழைய இந்திய நம்பருக்கும் இதே விதிதான். எப்போது கடைசியாகக் கட்டினாய் என்று பார்த்துச் சொல். ஆயாவின் இப்போதைய பேக் முடிகிற தேதியை அவள் போனில் பார்த்து நாளை உனக்கு அனுப்புகிறேன். அதுவரை எதுவும் போட்டுவிடாதே.

அப்பா